ஈசிஆர்ல சைக்கிள்: கிலோமீட்டரை விடுங்க, காத்தைப் பாருங்க

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்குது. பெரும்பாக்கத்துல ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போற ஒரு பொண்ணு அனுப்பினது. முதல் வருஷ போனஸ்ல ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருக்காங்க. ரெண்டு நாள்ல புதுச்சேரி வரைக்கும் ஈசிஆர்ல போகணும்னு ஆசை. ஊர்ல இருக்கிற அப்பாகிட்ட கேட்டிருக்காங்க. அவர் வேண்டாம்னு சொல்லல. "எத்தனை மணிக்கு எங்க இருப்ப, நடுவுல முடியலன்னா என்ன பண்ணுவ, இதை எழுதிக் காட்டு. அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டார். இவங்க மேப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்காங்க. "இது பஸ்ஸுக்குப் போடுற கணக்கும்மா"ன்னு பதில் வந்திருக்கு.

அந்த அப்பாவை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. ஏன்னா அவர் கேட்ட ரெண்டு கேள்விதான் ஒரு சைக்கிள் பயணத்தோட மொத்தத் திட்டமே. நம்மள்ல நிறைய பேர் சைக்கிள் டூர்னா தூரத்தை எடுத்து, நாளால வகுத்து, ஹோட்டல் புக் பண்ணிட்டு "பிளான் ரெடி"ன்னு சொல்றோம். தூரத்தைப் பத்தி இங்க சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. திருவான்மியூர்ல இருந்து மாமல்லபுரம் சுமார் 45 கிமீ. அங்கிருந்து புதுச்சேரி சுமார் 95. ரோடு கிட்டத்தட்ட தட்டை. பாலங்களைத் தவிர ஏத்தமே கிடையாது. அப்போ உங்களை எது களைப்பாக்கும்? காத்து. வெயில். அப்புறம் பின்னாடி வர்ற கார்.

இந்த ரோட்டுல நான் முழு தூரம் மூணு தடவை போயிருக்கேன். பாதி தூரம் எத்தனை தடவைன்னு கணக்கில்ல. அதை வெச்சுத்தான் பேசுறேன்.

முதல்ல காத்து. தமிழ்ல நாலு திசைக் காத்துக்கும் தனித்தனி பேர் இருக்கு: வடக்குல இருந்து வந்தா வாடை, தெற்குல இருந்து தென்றல், கிழக்குல இருந்து கொண்டல், மேற்குல இருந்து கோடை. ஸ்கூல்ல படிச்சு மறந்திருப்போம். சைக்கிள்ல உக்காந்தா நாலும் ஞாபகத்துக்கு வந்துடும்.

ஏன்னு ஒரு சின்னக் கணக்கு பாருங்க. நீங்க 18 கிமீ வேகத்துல போறீங்க. காத்தே இல்லன்னாலும் உங்க நெஞ்சுல 18 கிமீ வேகத்துல காத்து மோதுது, ஏன்னா நீங்கதான் அதைக் கிழிச்சுட்டுப் போறீங்க. இப்போ எதிர்ல 12 கிமீ வேகத்துல காத்து அடிக்குதுன்னு வைங்க. மோதுறது 30 ஆயிடும். காத்தோட தடுப்பு, வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 30-ஐ 18-ஆல வகுத்து வர்க்கம் பண்ணா 2.8 வருது. அதாவது அதே வேகத்துல போகணும்னா காத்து மட்டுமே உங்களை மூணு மடங்குக்கிட்ட பின்னாடி தள்ளுது. அதே 12 கிமீ காத்து முதுகுப் பக்கம் இருந்து வந்தா, மோதுறது வெறும் 6. தடுப்பு ஒன்பதுல ஒரு பங்கா குறைஞ்சிடும். ரோடு அதே ரோடு, கால் அதே கால். ஒரு நாள் 95 கிமீ சிரிச்சுக்கிட்டே போகலாம், இன்னொரு நாள் 50-லயே அழுகை வரும்.

இந்தக் கரையில காத்துக்கு ஒரு வருஷக் கணக்கு இருக்கு, ஒரு நாள் கணக்கும் இருக்கு. வருஷக் கணக்கு: வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ஜனவரி, பிப்ரவரியில காத்து பெரும்பாலும் வடகிழக்குல இருந்து வரும். நீங்க சென்னையில இருந்து தெற்கே போறீங்க. அப்போ அது முதுகுல கை வெச்சுத் தள்ளுற காத்து. மார்ச்ல திசை மாற ஆரம்பிக்கும். ஏப்ரல், மே மாசத்துல மதியக் காத்து தென்கிழக்கு, தெற்குப் பக்கம் இருந்து நேரா மூஞ்சில அடிக்கும். கூடவே கத்திரி வெயில். அந்த ரெண்டு மாசமும் இந்தப் பயணத்துக்கு ஆகாது, அவ்வளவுதான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பகல்ல மேற்குக் காத்து, நல்ல சூடு. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழையும் புயலும். 2022 டிசம்பர்ல மாண்டஸ் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம். நாம போகப்போற ரோட்டோட ரெண்டு முனையும்னு வெச்சுக்கோங்க.

நாள் கணக்கு: காலையில நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாத்தான் சூடாகும். நிலத்து மேல இருக்கிற காத்து சூடாகி மேல போக, அந்த இடத்தை நிரப்ப கடல் பக்கம் இருந்து காத்து உள்ள வரும். இதுதான் கடல்காத்து. முன்மதியத்துல இருந்து மதியம் வரைக்கும் எப்ப வேணா ஆரம்பிக்கலாம், சாயங்காலம் வரை இருக்கும். விடியற்காலையில ரோடு கிட்டத்தட்ட அமைதியா இருக்கும். அதனால, காத்து சாதகமா இல்லாத மாசத்துல போறீங்கன்னா வேலையை 10 மணிக்கு முன்னாடி முடிச்சிடணும். சாதகமான மாசத்துல மதியத்துக்கு மேலயும் ஒரு பங்கு வெச்சுக்கலாம்.

ஆக, ஜனவரி நடுவுல இருந்து பிப்ரவரி கடைசி வரை. அதுல பொங்கல் வாரத்தை மட்டும் வெட்டிடுங்க. காணும் பொங்கல் அன்னைக்கு மாமல்லபுரத்துல சைக்கிளை நிறுத்த இடம் கிடைச்சா அதிர்ஷ்டம்.

தெற்கே போறதுல இன்னொரு லாபம் இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. நம்ம ஊர்ல இடது பக்கம் ஓட்டுறோம். தெற்கே போனா கடலும் இடது பக்கம். எங்க நிறுத்தணும்னாலும் ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டாம். ஈசிஆர்ல குறுக்கே கடக்கிறது சாதாரண விஷயமில்ல. அதனால "புதுச்சேரி வரை பஸ்ல போய் அங்கிருந்து ஓட்டிட்டு வர்றேன்"னு கேக்குறவங்களுக்கு என் பதில்: வேண்டாம்.

ஒரு உண்மையையும் இப்பவே சொல்லிடுறேன். பேர்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை. சைக்கிள்ல இருந்து பாத்தா கடல் ரொம்பத் தெரியாது. நடுவுல சவுக்குத் தோப்பு, காம்பவுண்ட் சுவர், ரிசார்ட். தண்ணி தெரியுற இடங்களை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா ஏமாற்றம் இருக்காது. முட்டுக்காடு பாலம் முதல் இடம். ஒரு பக்கம் கடலைச் சேருற முகத்துவாரம், மறு பக்கம் படகுத்துறையோட விரிஞ்சு கிடக்கிற காயல். சூரியன் வந்து அரை மணி நேரத்துக்குள்ள அங்க இருக்கணும். அதுக்கப்புறம் மாமல்லபுரம் தாண்டி வயலூர் பக்கம் பாலாத்துப் பாலம். ஆறு பெரும்பாலும் மணல்தான், ஆனா அகலம் பிரமிப்பா இருக்கும். அப்புறம் முதலியார்குப்பம், ஓதியூர் ஏரி. என்னைக் கேட்டா மொத்தப் பயணத்துல அழகான இடம் அதுதான். கடைசியா மரக்காணம் உப்பளம். ஜனவரி கடைசியில பாத்தி கட்டி வேலை நடந்துட்டிருக்கும். உப்பு குவிக்கிறதைப் பாக்க இன்னும் கொஞ்சம் வெயில் ஏறணும்.

எந்தக் கிழமை?

இதுதான் அந்த அப்பாவோட பயத்துக்கு நேரடி பதில். ஈசிஆர்ல விபத்து நடக்குதுங்கிறது பேப்பர் படிக்கிற யாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரியில இருந்து ஞாயிறு ராத்திரி வரை இந்த ரோட்டோட குணம் வேற. சனிக்கிழமை காலையில சென்னையில இருந்து கார் எல்லாம் தெற்கே போகும். ஞாயிறு சாயங்காலம் எல்லாம் வடக்கே திரும்பும். சனிக்கிழமை ராத்திரி பார்ட்டி முடிச்சவங்க ஞாயிறு விடியறதுக்கு முன்னாடி வீட்டுக்குத் திரும்புவாங்க, தூக்கத்தோட, சில பேர் போதையோட.

இதையெல்லாம் சேத்து வெச்சு நான் சொல்றது: ஞாயிறு காலையில கிளம்புங்க, ஆனா வெளிச்சம் வந்த பிறகு. ஜனவரியில சென்னையில சூரிய உதயம் சுமார் 6.30. நீங்க 6 மணி வாக்குல திருவான்மியூர்ல இருந்து நகர்ந்தா அக்கரை வர்றதுக்குள்ள நல்லா விடிஞ்சிடும். 4 மணிக்குக் கிளம்பி "நைட் ரைடு" போடுறது வீடியோவுக்கு நல்லா இருக்கும். முதல் பயணத்துக்கு வேண்டாம். ஞாயிறு காலையில இன்னொரு வசதி, முட்டுக்காடு வரைக்கும், ஏன், மாமல்லபுரம் வரைக்கும்கூட நிறைய சைக்கிள்காரங்க இருப்பாங்க. பஞ்சர்னா கை கொடுக்க ஆள் உண்டு. கார் ஓட்டுறவங்களுக்கும் அந்த நேரத்துல சைக்கிள் வரும்னு பழக்கம்.

ஞாயிறு ராத்திரி மாமல்லபுரத்துல தங்கல். வார இறுதிக் கூட்டம் மதியமே காலி பண்ணிட்டுப் போயிருக்கும், ரூம் வாடகையும் இறங்கியிருக்கும். திங்கட்கிழமை நீளமான பகுதி. அந்தப் பகுதிதான் ஆபத்து கூடினது, ஆனா திங்கட்கிழமை அங்க வண்டி குறைவு. உங்களுக்குச் செலவு திங்கள் ஒரு நாள் லீவு, செவ்வாய் அரை நாள்.

மாமல்லபுரத்துல ரூம் போடும்போது ஒண்ணு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க: சைக்கிளை ரூமுக்குள்ள வெக்க விடுவாங்களா? ஒரு லாட்ஜ்ல ராத்திரி 8 மணிக்கு "சைக்கிள் வெளியதான்"னு சொல்லிட்டாங்க. போன்ல சரின்னு சொன்னவர் டியூட்டி முடிஞ்சு போயிருந்தார். அன்னைக்கு நான் வரவேற்பு பெஞ்சுல பாதி ராத்திரி உக்காந்திருந்தேன். இப்பல்லாம் வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்கிடுறேன்.

எத்தனை மணிக்கு எங்க?

முதல் நாள் சுலபம். நகரப் பகுதியான திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை வழியா அக்கரை வரைக்கும் பஸ் இடது பக்கம் ஒதுங்குறதும், நிறுத்தின கார்ல இருந்து கதவு திறக்கிறதும்தான் கவனம். அக்கரையில இருந்து மாமல்லபுரம் வரை நடுவுல தடுப்பு உள்ள நாலு வழி ரோடு. உத்தண்டி டோல்ல சைக்கிளுக்குக் கட்டணம் இல்ல, இடது ஓரமாவே போயிடலாம். முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி. வடநெம்மேலியில முதலைப் பண்ணை இருக்கு. ரோமுலஸ் விட்டேகர் 1976-ல ஆரம்பிச்சது. நேரம் இருக்கு, போய்ப் பாருங்க. மணிக்கு 15 கிமீ போனாலே மூணு மணி நேரம், டீ, போட்டோ எல்லாம் சேத்து 11 மணிக்குள்ள மாமல்லபுரம் வந்துடலாம். மதியம் தூங்குங்க. சாயங்காலம் கடற்கரைக் கோயில். "வெறும் 45 கிமீதானே, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிடலாமே"ன்னு மனசு சொல்லும். அடுத்த ஊர்ல தங்க இடம் இருக்கான்னு அதே மனசைக் கேளுங்க.

ரெண்டாம் நாள்தான் பரிட்சை. 6.30-க்கு வெளிச்சத்தோட கிளம்புறீங்க. 15 கிமீ-ல கல்பாக்கம் பக்கம் புதுப்பட்டினம். ஹோட்டல், மருந்துக்கடை, ஏடிஎம் எல்லாம் இருக்கிற ஊர். 7.45-க்கு அங்க டிபன். இட்லி சாப்பிடுங்க. வெண்பொங்கல் வேண்டாம், கூவத்தூர்ல கண்ணு சொக்கும். அங்க ரெண்டு பாட்டில், ஒரு எக்ஸ்ட்ரா லிட்டர், மூணையும் நிரப்பிக்கோங்க. ஏன்னா கூவத்தூர் தாண்டினா மரக்காணம் வரைக்கும் கடைங்க அங்கொண்ணு இங்கொண்ணுதான். மாமல்லபுரத்துல இருந்து 50 கிமீ வாக்குல கடப்பாக்கம். மொத்தப் பயணத்தையும் மூணாப் பிரிச்சா இதுதான் ரெண்டாவது முடிச்சு. பக்கத்துலதான் ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்துல கட்டினது, பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போய், 1760-ல ஆங்கிலேயர் இடிச்சது. இப்போ பாதி சுவரும் காயலும்தான். வெயில் ஏறிட்டிருந்தா கோட்டையை விட்டுடுங்க. இந்தப் பயணத்துல எதையாவது விடணும்னா இதை விடலாம்.

மரக்காணம் 61, 62 கிமீ. 11.30-ல இருந்து 12-க்குள்ள வந்துடணும். வெயில் உச்சியில இருக்கிற நேரம் அங்கயே நிழல்ல. சாப்பாடு, கால் நீட்டல், 2.30 வரைக்கும். மீதி 34 கிமீ-க்கு ரெண்டு மணி நேரம் போதும், அதுலயும் கடல்காத்து வடகிழக்கோட சேர்ந்து தள்ளும். 5 மணிக்குப் புதுச்சேரி. சூரியன் மறைய இன்னும் ஒரு மணி நேரம் கையில இருக்கும். காலாப்பட்டு வந்ததும் புதுச்சேரி வந்துட்டோம்னு குதிக்காதீங்க. அது புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான், ஆனா அதைத் தாண்டி கோட்டக்குப்பத்துல திரும்பவும் தமிழ்நாடு வரும். அப்புறம்தான் ஊர்.

இந்த ரெண்டாம் நாள் பகுதியில ரோட்டை நாலு வழி ஆக்குற வேலை சில வருஷமா நடக்குது. சில இடம் புது ரோடு, சில இடம் ஜல்லி, திடீர்னு ஒரு மாற்றுப்பாதை, எதிர்ல வர்ற வண்டியும் நம்ம பக்கத்துலயே. அதனால கிளம்புற வாரத்துல அந்தப் பக்கம் போய் வந்த யாரையாவது விசாரிங்க. மேப் இதைச் சொல்லாது.

இப்போ அப்பாவோட ரெண்டாவது கேள்வி: நடுவுல முடியலன்னா? இதுக்குப் பதில் கிளம்பும்போதே எழுதி வெச்சிருக்கணும். களைச்ச மூளை "இன்னும் கொஞ்சம்தானே"ன்னுதான் சொல்லும். நான் வெக்கிற விதி இது. 9 மணிக்குள்ள பாலாத்துப் பாலம் தாண்டலன்னா, புதுப்பட்டினத்துக்கே திரும்புறேன். 12.30-க்குள்ள மரக்காணம் வரலன்னா, அன்னைக்கு சைக்கிள் அதோட முடிஞ்சது. சென்னை-புதுச்சேரி பஸ் இந்த ரோட்டுல அடிக்கடி வரும், ஆனா சைக்கிளை ஏத்துறது டிரைவர், கண்டக்டர் மனசைப் பொறுத்தது. நம்பி இருக்கிறது குட்டியானையைத்தான். கல்பாக்கம், மரக்காணம் ரெண்டு ஊர்லயும் வாடகைக்குக் கிடைக்கும். அந்தப் பணத்தை முன்கூட்டியே தனியா எடுத்து வெச்சிடுங்க. பட்ஜெட்ல அது இருந்தா அதைப் பயன்படுத்த வெக்கம் வராது. போன்ல 108 ஆம்புலன்ஸ், 1033 நெடுஞ்சாலை உதவி எண், லைவ் லொகேஷன் அப்பாவுக்கு. கூட ஒரு ஆளாவது வரணும். தனியா போறதைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம், முதல் டூர்ல வேண்டாம்.

உடம்பும் தண்ணியும்

ஜனவரின்னாலும் 11 மணி வெயில் வெயில்தான். மணிக்கு அரை லிட்டர்ல இருந்து முக்கால் லிட்டர் தண்ணி போகும். வெறும் தண்ணியா குடிச்சுட்டே போனா வேர்வையில போன உப்பு திரும்ப வராது, தலை சுத்தும், குமட்டும். உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ், மோர், இல்லன்னா மருந்துக்கடை ஓஆர்எஸ் பாக்கெட். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில கலக்கணும், பாதி பாட்டில்ல கொட்டி கெட்டியாக் குடிக்கக் கூடாது. பசி எடுக்கிறதுக்கு முன்னாடி சாப்பிடணும், முக்கால் மணிக்கு ஒரு தடவை ஒரு வாழைப்பழம் இல்ல கடலை மிட்டாய். தலைவலி, வெயில்ல நடுக்கம், பேச்சு குழறுறது, இதுல எது வந்தாலும் நிழல்ல உக்கார வெச்சு, தலையிலயும் கழுத்துலயும் தண்ணி ஊத்தி, போன் எடுங்க. பேச்சு குழறினா நேரா 108.

அந்த வாய்ஸ் நோட்ல அவங்க தயங்கித் தயங்கிக் கேட்ட ஒரு விஷயம், டாய்லெட். ஆம்பளைங்க போடுற சைக்கிள் வீடியோக்கள்ல இது இருக்கவே இருக்காது. இதனால தண்ணி குடிக்காம ஓட்டுற பொண்ணுங்களை நான் பாத்திருக்கேன், அது வெயில்ல எவ்வளவு ஆபத்துன்னு இப்பதான் பேசினோம். மாமல்லபுரம் வரைக்கும் பிரச்சினை இல்ல, பெரிய ஹோட்டல்களும் பெட்ரோல் பங்க்குகளும் நிறைய. ரெண்டாம் நாள் புதுப்பட்டினம், மரக்காணம் ரெண்டையும் கண்டிப்பான நிறுத்தமா வைங்க. நடுவுல வர்ற பங்க்குகளை மேப்ல முன்னாடியே குறிச்சு, போன் நம்பர் இருந்தா "டாய்லெட் திறந்திருக்கா"ன்னு முந்தின நாள் கேட்டுடுங்க. கேக்கிறதுல ஒரு தப்பும் இல்ல.

பயிற்சி நாலு வாரம் போதும். வாரக் கடைசியில 20, 30, 40 கிமீ. நாலாவது வாரம்தான் முக்கியம்: சனிக்கிழமை 60, மறுநாள் ஞாயிறு 40. திருவான்மியூர்ல இருந்து முட்டுக்காடு போய் வந்தா கிட்டத்தட்ட அந்த 40. ரெண்டாவது நாள் காலையில சீட்டுல உக்காரும்போது வலிக்குதா, எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் இது. முட்டி வலிச்சா முதல்ல சீட் உயரத்தைப் பாருங்க. குதிகாலை பெடல்ல வெச்சு, பெடல் கீழ இருக்கும்போது கால் நேரா நீளணும். நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேர் சீட்டை ரொம்பக் கீழ வெச்சுத்தான் ஓட்டுறோம்.

சைக்கிளைப் பத்தி ஒரே ஒரு விஷயம் நீளமாப் பேசணும், காத்தடிக்கிற வால்வு. உங்க டியூப்ல எந்த வால்வுன்னு இப்பவே போய்ப் பாருங்க. தடிமனா, பைக் டயர்ல இருக்கிற மாதிரி இருந்தா அது ஷ்ரேடர், எந்தப் பங்க்லயும் காத்து பிடிக்கலாம். ஒல்லியா, மேல ஒரு குட்டித் திருகோட இருந்தா அது பிரஸ்டா. பங்க்லயும் சரி, ஊர் சைக்கிள் கடையிலயும் சரி, அதுக்கு நேரடியா காத்து ஏறாது. நம்ம சாதா சைக்கிளோட வால்வும் வேற. சில நூறு ரூபா மிச்சம் பிடிக்கலாம்னு பம்ப் இல்லாமப் போனா, கூவத்தூர்ல அருமையான மெக்கானிக் இருந்தும் உங்க டயர் சப்பையாவே இருக்கும். விரல் நகம் அளவுல ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்குது, அதை பிரஸ்டா மேல திருகினா பங்க் காத்து ஏறும். அது ஒண்ணு, சின்ன பம்ப் ஒண்ணு, ஸ்பேர் டியூப் ரெண்டு, டயர் கழட்டுற லீவர், ஒட்டுற பசை. இதெல்லாம் வாங்கினா மட்டும் போதாது. வீட்டுல பின்சக்கரத்தைக் கழட்டி, டியூப் மாத்தி, திரும்ப மாட்டிப் பாருங்க. 20 நிமிஷத்துக்குள்ள முடியுற வரைக்கும். கழட்டும்போது செயின் கடைசி சின்னப் பல்சக்கரத்துல இருக்கட்டும், வேலை பாதியாகும்.

சுமை முதுகுல வேண்டாம், கேரியர்ல கட்டுங்க. ரெண்டு நாளுக்கு 5 கிலோவுக்கு மேல தேவையே இல்ல. ஹெல்மெட் பத்திப் பேச ஒண்ணுமில்ல, போடணும். அதைவிட நிறைய பேர் விடுறது பின்பக்கச் சிவப்பு லைட். பகல்லயும் எரியட்டும், மினுக்கிட்டே இருக்கட்டும். பளீர் மஞ்சள், ஆரஞ்சு சட்டை. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர், ஜோடியாப் பேசிட்டு வேண்டாம். ரோட்டோட ஓர விளிம்புலயே ஒட்டிப் போகாதீங்க. அங்க மணல், கண்ணாடித்துண்டு, ரோடும் மண்ணும் சேருற இடத்துல பள்ளம். ரெண்டு, மூணு அடி உள்ள தள்ளி நேர்கோட்டுல போனா பின்னாடி வர்றவருக்கு நீங்க தெளிவாத் தெரிவீங்க, ஒதுங்க உங்களுக்கும் இடம் இருக்கும். இயர்போன் வேண்டாம். ஆமா, இந்த பாட்காஸ்ட்டும் அப்போ வேண்டாம்.

கடைசியா திரும்பி வர்றது. புதுச்சேரியில இருந்து எழும்பூருக்கு ரயில் இருக்கு. சைக்கிளை உங்க பெட்டிக்குள்ள தள்ளிட்டுப் போக முடியாது. பார்சல் ஆபீஸ்ல உங்க டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்டி லக்கேஜா புக் பண்ணணும். திங்கள் சாயங்காலம் ஊருக்குள்ள வந்ததும் முதல்ல ஸ்டேஷனுக்குப் போய், நீங்க போகப்போற ரயில்ல லக்கேஜ் வேன் இருக்கா, எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டுடுங்க. எல்லா ரயில்லயும் இருக்காது. லைட், பம்ப், பாட்டில் எல்லாம் கழட்டிப் பையில போட்டுக்கோங்க. ஒரு அட்டையில பேர், போன் நம்பர், இறங்குற ஸ்டேஷன் எழுதி ரெண்டு இடத்துல கட்டுங்க. ரயில் சரிப்படலன்னா, அடியில லக்கேஜ் அறை இருக்கிற பஸ். முன்சக்கரத்தைக் கழட்டினா படுக்க வெச்சிடலாம்.

அன்னைக்கு ராத்திரியே, படுக்கிறதுக்கு முன்னாடி, ரூம் பாத்ரூம்ல ஒரு மக்கு நல்ல தண்ணி எடுத்து செயினையும் கியரையும் கழுவி, துடைச்சு, எண்ணெய் விட்டுடுங்க. ரெண்டு நாள் உப்புக்காத்து பட்டிருக்கு. செவ்வாய்க்கிழமை சென்னைக்கு வந்து பாத்துக்கலாம்னு விட்டா, செயின் ஆரஞ்சு கலர்ல இருக்கும்.

நேர அட்டவணையை ஒரே பக்கத்துல எழுதி நம்ம பக்கத்துல போட்டிருக்கேன், அப்பாக்களுக்கு அனுப்புற மாதிரி. உங்க ரோடு வேற, கொல்லம் பக்கமோ விசாகப்பட்டினம் பக்கமோன்னா, அந்தக் கரையில எந்த மாசம் காத்து எந்தத் திசையில அடிக்குதுன்னு மட்டும் விசாரிச்சு வாய்ஸ் நோட் அனுப்புங்க. மீதியைச் சேர்ந்து போடலாம்.